நண்பர் ஒருவர் இருக்கிறார் எனக் கொள்க

உலகத்தில் தனக்கென்று எதையும் கேட்காத உத்தமர்கள் அழிந்துபோய்விட்டார்கள் என்று யாராவது உங்களிடம் பெருமூச்சு விட்டால் நம்பாதீர்கள். நேராக என் மருந்துக் கடைக்கு வாருங்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். அப்படிப்பட்ட உத்தமர்கள் கூட்டம் கூட்டமாக வருவதைக் காண்பீர்கள். கூட்டம் கூட்டமாக என்றா சொன்னேன்? தவறு. ஒவ்வொருவராக, கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள். இந்த இனத்துக்கு 'நண்பருக்காகக் கேட்பவர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் காண்பதற்குக் கஷ்டப்பட வேண்டாம். கடையை ஒரு முறை கடந்து போவார். எதிர்ச்சாரியில் நின்று வாங்கப் போகாத சைக்கிளுக்கு விலை கேட்பார். திரும்பி வரும்போது செருப்பு வார் அறுந்துவிட்டது போல என் வாசலில் குனிந்து, உள்ளே எத்தனை தலை என்று எண்ணுவார். கடைசித் தலையும் வெளியேறியதும் உள்ளே நுழைந்து இருமல் மிட்டாய் கேட்பார், பஞ்சு கேட்பார், சீப்பு கேட்பார், தலையில் ஒரு முடிகூட இல்லாதவரும் சீப்பு கேட்பார், கைக்குழந்தையே இல்லாத வீட்டுக்குப் பால்புட்டி ரப்பர் கேட்பார். எல்லாவற்றையும் நான் பையில் போட்டு முடித்து நிமிரும்போது, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவர் போல நெற்றியைத் தட்டிக்கொள்வார்.

"அப்புறம்... என் நண்பர் ஒருத்தர் இருக்கார்..."

இருக்கட்டுமே. யார் வேண்டாம் என்றது?

இந்த நண்பர் எப்போதும் வெளியூரில் இருப்பார். வயது, கேட்பவரின் வயதேதான். சில சமயம் இரண்டு மூன்று வருடம் கூடுதலாகச் சேர்த்துச் சொல்வார்கள். கூச்ச சுபாவம். வேலை மும்முரம். அதனால்தான் தானே வர முடியவில்லை. அவருக்குத் தேவைப்படுவது ஒரு மாத்திரை. அதன் பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். 'அதுக்கு இருக்கே, அது' என்பார்கள். சிலர் வாயே திறக்காமல் மோவாயால் மேல்தட்டைக் காட்டுவார்கள். மேல்தட்டில் பேதி மருந்தும் இருக்கிறது. ஒரு பெரிய மனிதர் வெட்கத்தில் நான் எடுத்துக் கொடுத்ததை என்னவென்றுகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கன்னம் ஒட்டிப்போய் வந்து, "நண்பருக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல" என்று மட்டும் சொன்னார்.

இந்த வெட்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மனிதனுக்கு எப்போது கட்டில் கிடைத்ததோ அப்போதே இந்தக் கவலையும் கிடைத்துவிட்டது. கவலை கிடைத்த மறுநாளே அதற்கு மருந்து விற்பவனும் கிடைத்துவிட்டான். வேரை அரைத்துக் கொடுத்தான். லேகியம் கிண்டிக் கொடுத்தான். இடுப்பில் மின்சாரப் பட்டை கட்டிவிட்டான். கடல் கடந்த தேசங்களில் ஆட்டுக்கடாவின் உறுப்பை ஆளுக்குத் தைத்துவிட்ட வைத்தியர்கள்கூட இருந்திருக்கிறார்கள். தைத்துக்கொள்ள வரிசையில் நின்றவர்களும் இருந்திருக்கிறார்கள். ஆட்டைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவருக்குச் சுவர் 'இழந்த இளமையை மீட்க' என்று எழுதி வைத்தார்கள். எங்கே இழந்தான்? பேருந்திலா? புகார் கொடுத்தானா? அதையெல்லாம் படித்தவன் கேட்கவில்லை. யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விலாசத்தை மனப்பாடம் செய்துகொண்டான்.

அப்புறம்தான் மாத்திரை வந்தது. அது வந்த கதையை எனக்குச் சொன்னவர் மருந்துக் கம்பெனியின் ரெப். கழுத்துப்பட்டி கட்டி, தோல்பை தூக்கி, நல்ல பிள்ளையாக இருப்பார். அவரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்.

"சார், இது முதல்ல நெஞ்சு வலிக்குத்தான் கண்டுபிடிச்சாங்க. ஆளுங்களுக்குக் குடுத்துப் பார்த்தாங்க. நெஞ்சுக்குப் பெருசா ஒண்ணும் கேக்கல. ஆனா மிச்ச மாத்திரையைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா, ஒருத்தரும் குடுக்க மாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"அதான் சார்... அது."

"எது?"

ரெப் சிவந்துபோய்ச் சுவரைப் பார்த்தார். விற்க வந்தவருக்கே சொல் வரவில்லை. ஆனால் அவருடைய கம்பெனி கெட்டிக்காரக் கம்பெனி. நோயைப் பார்த்து யாரும் வெட்கப்படுவதில்லை, நோயின் பெயரைப் பார்த்துத்தான் வெட்கப்படுகிறார்கள் என்று கண்டுகொண்டு, 'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, வாய்க்கு அடக்கமாக இரண்டே இங்கிலீஷ் எழுத்தில் ஒரு செல்லப்பெயர் வைத்துவிட்டது. பிறகு படங்கள் வந்தன. ஒரு படத்தில் நரைத்த தம்பதி கடற்கரையில் நடக்கிறார்கள். இன்னொன்றில் சூரியன் உதிக்கிறது. இன்னொன்றில் குதிரை ஓடுகிறது. எதற்கு மருந்து என்று ஒரு வரி இல்லை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "குதிரைக்கெல்லாம்கூட மருந்து வெக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள். கடைசியாக ரெப் எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். முகப்பில் அதே குதிரை பிடரி பறக்க ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் மாட்டக்கூடாது என்று உத்தரவு வந்ததால் கடையில் மாட்டியிருக்கிறேன். இந்தக் குதிரையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ரெப் ஒன்றே ஒன்றைத்தான் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "சார், ஒரு விஷயம். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வெச்சுக்கறாங்களே ஒரு மாத்திரை, அது சாப்பிடறவங்களுக்கு மட்டும் இதைக் குடுத்துடாதீங்க. ரெண்டும் சேர்ந்தா ரத்த அழுத்தம் தடதடன்னு எறங்கிடும். உயிருக்கே ஆபத்து." நெஞ்சுக்கென்று பிறந்த பிள்ளை, நெஞ்சு மாத்திரையோடேயே பங்காளிச் சண்டை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. கேட்டு என்ன? கேள்வி போவது ஓர் ஆளிடம். பதில் வருவது இல்லாத ஆளைப் பற்றி.

இனி, இந்த இனத்தின் சிகரத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அவர் எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியார்.

வாத்தியாருக்கு வந்த சோதனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முப்பது வருடமாக ஒரே ஊரில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் எந்த மருந்துக் கடைக்குப் போக முடியும்? கடைத்தெருக் கடையில் உட்கார்ந்திருப்பவன் அவரிடம் பின்னம் படித்தவன். பேருந்து நிலையக் கடைக்காரன் அவரிடம் காது திருகப்பட்டவன். ஆஸ்பத்திரி வாசல் கடையில் அவருடைய மாணவனும் மாணவியும் கல்யாணம் செய்துகொண்டு ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் இருப்பவர்களுக்குள் மக்கு மாணவன் யார் என்று பார்த்து என்னிடம் வந்தார் என்று நினைக்கிறேன். இருமல் மிட்டாய், பஞ்சு, சீப்பு எல்லாம் ஆயிற்று.

"டேய், ஒரு நண்பர் இருக்கார்னு வெச்சுக்கோ" என்றார்.

இப்படி ஒரு தொடக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மற்றவர்கள் எல்லாம் 'என் நண்பர் இருக்கார்' என்று பொய் சொன்னார்கள். வாத்தியார் பொய் சொல்ல மாட்டார். தேற்றத்தை நிரூபிப்பதற்கு முன் முக்கோணம் வரைவது போல ஒரு நண்பரை வரைந்தார். நண்பர் இருக்கிறார் எனக் கொள்க. அவருக்கு வயது ஐம்பத்தாறு எனக் கொள்க.

"வெச்சுக்கிட்டேன் சார்."

"அவருக்கு... அது வேணும்."

"டாக்டர் சீட்டு இருந்தா தரலாம் சார். நண்பருக்கு நெஞ்சு வலி ஏதாவது உண்டா?"

வாத்தியார் ஒரு கணம் யோசித்தார். இங்கேதான் இந்த இனத்தின் மொத்தக் கோளாறும் இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், ஒரு நண்பரைப் புதிதாகச் செய்கிறீர்கள், உங்கள் கைச்சரக்கு, செலவில்லை. அவருக்கு நெஞ்சு வலியை வைத்தா செய்வீர்கள்? வாத்தியார் நிமிர்ந்து என் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நெஞ்சு வலியா? அவனுக்கா? குதிரை மாதிரி இருப்பான்டா."

சீட்டில்லாமல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரை மடக்கியது அதுதான் எனக்கு முதல் முறை. வாத்தியார் மாடிக்குப் போனார். என் கடைக்கு மேல் மாடியில் டாக்டர் இருக்கிறார். அவரும் வாத்தியாரிடம் படித்தவர்தான் என்று சொல்லவும் வேண்டுமா? டாக்டர் ரொம்ப மரியாதையாக, "நண்பரை நேர்ல கூட்டிட்டு வாங்க சார், பார்க்காம எழுத முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். வாத்தியார் விடுவாரா? நண்பர் இருக்கிறார் என்று ஏற்கெனவே கொண்டாகிவிட்டது. பாதித் தேற்றத்தில் நிறுத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே நண்பரைக் கொண்டுவந்தார்.

கொண்டுவரப்பட்டவர் அதே பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர், பி.டி. சார். இருவருக்கும் நடுவில் ஒரு தீராத வழக்கு உண்டு. நீங்கள் பள்ளிக்கூடம் போனவர் என்றால் அது என்ன வழக்கு என்று தெரியும். மழை வந்தால் பி.டி. வகுப்பு கணக்குக்கு. வெயில் அடித்தால் கணக்குக்கு. பரீட்சை வந்தால் கணக்குக்கு. பரீட்சை முடிந்தால், விடை சொல்ல வேண்டுமே, கணக்குக்கு. முப்பது வருடமாக விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊதாமலேயே வீடு திரும்பிய மனிதர் பி.டி. சார். அவரிடம் போய் வாத்தியார், "ஒரு டாக்டர்கிட்ட கொஞ்ச நேரம் நீ நண்பனா நடிக்கணும், காரணம் கேக்கக் கூடாது, யார்கிட்டயும் என் பேரைச் சொல்லக் கூடாது. பதிலுக்கு இந்த வருஷம் பூரா உன் வகுப்பு உனக்கு" என்றார். பி.டி. சாருக்குக் கண் கலங்கிவிட்டதாம். சத்தியமே செய்து கொடுத்துவிட்டார்.

மாடியில் நடந்ததைப் பிற்பாடு பி.டி. சாரே எனக்குச் சொன்னார்.

"எவ்வளவு நாளா இந்தப் பிரச்னை?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

பி.டி. சார் வாத்தியாரைப் பார்த்திருக்கிறார்.

"நாலஞ்சு மாசமா" என்று வாத்தியார்.

"சார், நீங்க சொல்லாதீங்க, அவர் சொல்லட்டும்."

"நாலஞ்சு மாசமாங்க" என்று பி.டி. சார்.

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"வீட்லயா? எனக்குக் கல்யாணமே..."

வாத்தியார் அவர் காலை ஓங்கி மிதித்திருக்கிறார்.

"...ஆகி முப்பது வருஷம் ஆச்சுங்க. அவங்க ஒண்ணும் சொல்லல."

"படி ஏறினா மூச்சு வாங்குமா? நெஞ்சுல வலி?"

இந்தக் கேள்வியைத்தான் பி.டி. சாரால் தாங்க முடியவில்லை. பொய்க்குப் பொய் சொல்லலாம். மானத்தை விட முடியுமா? "எனக்கா மூச்சு வாங்கும்?" என்று எழுந்தவர், சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, டாக்டரின் அறைத் தரையிலேயே தண்டால் எடுக்க ஆரம்பித்துவிட்டார். கட்டட வேலை நடக்கிறதோ என்று கீழே நான் மேற்கூரையைப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்டர் அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். முரசு மாதிரி இருந்தது. இப்படி ஓர் உடம்புக்கு இப்படி ஒரு குறையா என்று வருத்தப்பட்டு, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆக, ஒரு நெஞ்சைப் பரிசோதித்து இன்னொரு நெஞ்சுக்கு மருந்து எழுதியாயிற்று. சீட்டில் பி.டி. சார் பெயர், வயது எல்லாம் சரியாக இருந்தது. 'அட, வாத்தியாருக்கு நிஜமாகவே ஒரு நண்பர் இருந்திருக்கிறாரே' என்று நான் ஆச்சரியப்பட்டு அட்டையைக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஊர் இன்னோர் ஆச்சரியத்தைப் பார்த்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் விளையாடினார்கள். பந்தைக் கண்டதும் என்ன செய்வது என்று தெரியாமல் சிலர் அதன் சுற்றளவைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். பெற்றோர்கள் வேலி ஓரம் நின்று, தலைமையாசிரியருக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பி.டி. சார் என் கடைக்கு வந்தார். சுற்றிப் போகவில்லை, குனியவில்லை, சீப்பு கேட்கவில்லை. நேராக வந்து நின்றார். இதைப் பார்த்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"தம்பி, அந்த மாத்திரை இருக்கே, அதை நெஞ்சு வலிக்காரங்க சாப்பிடலாமா?"

"கூடவே கூடாது. யாருக்கு நெஞ்சு வலி?"

"ஒரு நண்பருக்கு. மாடிப்படி ஏறினதும் சுவரைப் புடிச்சுக்கிட்டு நின்னார். நாக்குக்கு அடியில என்னமோ வெச்சுக்கிட்டார். எங்க அப்பா அப்படித்தான் வெச்சுக்குவார்."

நான் சிரித்தேன். சீட்டில் இவர் பெயர். மாத்திரை இவருக்கு. வந்து நின்றுகொண்டு நண்பராம்! ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உங்க நண்பரை மொதல்ல இப்படி உக்காரச் சொல்லுங்க."

"தம்பி, எனக்கில்ல. சத்தியமா நண்பருக்குத்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. கையைக் குடுங்க, நாடி பார்ப்போம்."

"ஐயோ, நான் நல்லாத்தான் இருக்கேன். பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இல்லன்னா சொல்லிடுவேன். நீ கொஞ்சம் அவருக்குப் புத்தி சொல்லேன்."

"நான் எதுக்கு? நீங்களே சொல்லுங்க."

"நான் சொன்னா அவர் கேக்க மாட்டார்."

"உங்க பேச்சை அவர் கேக்காம வேற யார் பேச்சைக் கேப்பார்?" என்று கண்ணடித்தேன்.

பி.டி. சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். மைதானத்தில் இப்படி ஒரு பார்வை பார்த்தால் பையன்கள் தாமாகவே ஓட ஆரம்பித்துவிடுவார்கள். விசிலை வாயில் வைத்து, காது கிழிகிற மாதிரி ஓர் ஊது ஊதிவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருட வியாபாரத்தில் உண்மையாகவே நண்பருக்காகக் கேட்க ஒரே ஒரு மனிதர் வந்தார். நான் அவருக்கு நாடி பார்த்தேன்.

மறுநாள் பதினோரு மணி வாக்கில் வாத்தியாருடைய வீட்டம்மா வந்தார். கையில் பை. பைக்குள் இன்னொரு பை. முதலில் இருமல் மிட்டாய் கேட்டார்.

"தம்பி, எங்க பக்கத்து வீட்டம்மா ஒரு விஷயம் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

ஓகோ. பெண்பாலும் உண்டா இந்த இனத்தில்?

"சொல்லுங்கம்மா."

"அவங்க வீட்டுக்காரருக்கு லீவுல மக வீட்டுக்குப் போன இடத்துல நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரில வெச்சிருந்தாங்க. ஊர்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டார். மாத்திரைகூட மகதான் அங்கேருந்து அனுப்புறா. இப்ப என்னடான்னா..." என்று உள்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார். "இது இருந்துச்சாம். இது என்ன மாத்திரை?"

என் கடைச் சரக்கு. ஒரு மாத்திரை குறைந்திருந்தது.

"எங்கே இருந்துச்சும்மா?"

"அவரோட ஜியாமெட்ரி பாக்ஸ்ல."

"பக்கத்து வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?"

"தையல்காரர்" என்றார் அந்த அம்மா, கொஞ்சமும் தயங்காமல்.

தையல்காரருக்கு எதற்கு ஜியாமெட்ரி பாக்ஸ்? அந்த நிமிடம்தான் என் மரமண்டையில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. வாத்தியாரின் குதிரை நண்பர், பி.டி. சாரின் படியேற முடியாத நண்பர், இந்த அம்மாவின் தையல்காரர். மூன்றும் ஒரே ஆள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கடைசிவரை வராத சமன்பாடு, அன்றைக்கு வந்துவிட்டது.

"ஒண்ணு எங்கேம்மா?"

"காலையில சட்டைப் பைல போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிருக்கார். இன்னிக்கு அவங்களுக்குக் கல்யாண நாள்." சொல்லும்போதே அந்த அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "அவருக்கு இதெல்லாம் எதுக்குத் தம்பி? ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து அவங்க வேற ரூம்ல படுக்கறாங்க. அவரை எழுப்பிடக் கூடாதுன்னுதான். கை பட்டாக்கூட நெஞ்சு வலிச்சுடுமோன்னு பயம். ராத்திரி பூரா கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து அவர் மூச்சு விடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவர் என்ன நெனச்சுட்டார்னா... இவளுக்கு நம்ம மேல வெறுப்பு வந்துடுச்சுன்னு நெனச்சுட்டார். பேசறதே இல்ல. அவங்களுக்கு அந்த மனுஷன் உசுரோட இருந்தாப் போதும் தம்பி. கூட ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

பக்கத்து வீட்டம்மாவுக்காக இத்தனை கண்ணீரா என்று கேலி செய்யத் தோன்றவில்லை. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, அந்த அம்மாவைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

வாத்தியார் எட்டாம் வகுப்பில் இருந்தார். நான் பாய்ந்து உள்ளே போயிருக்க வேண்டும். ஓர் உயிர் ஊசலாடுகிறது. ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளே வரலாமா சார்?" என்று கேட்டேன். பழக்கம்.

"டேய், நீ எதுக்குடா வந்தே?"

"சார், உங்க நண்பர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுட்டாரா?"

வகுப்பு முழுவதும் நிமிர்ந்தது. வாத்தியார் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எந்த நண்பன்?"

"நீங்க வெச்சுக்கோன்னு சொன்னீங்களே, அந்த நண்பர். நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சுக்கறவர். சாப்பிட்டுட்டாரா?"

அவர் முகம் வெளுத்தது.

"இன்னும் இல்ல. சாயங்காலம் சாப்பிடலாம்னு இருந்தான்."

"சாப்பிட்டா செத்துப்போயிடுவார் சார்!"

"நீ ஒரு நாளும் இப்படிச் சொல்லலையே."

"நெஞ்சு வலி உண்டான்னு கேட்டேனே சார். குதிரைன்னீங்களே."

வாத்தியார் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் வந்த வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தேன். "சார், உங்க நண்பருக்கு ஒரு சேதி. என் கடையில உக்காந்திருக்கற ஒரு தையல்காரர் வீட்டம்மா சொல்லிவிட்டாங்க. அவங்க வேற ரூம்ல படுக்கறது வெறுப்புல இல்லையாம். அவர் மூச்சைக் கேட்டுக்கிட்டுத் தூங்காமக் கிடக்கறாங்களாம். அவங்களுக்கு அவர் இருந்தாப் போதுமாம். ரெண்டு வார்த்தை பேசினாப் போதுமாம்."

எட்டாம் வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டினார். திரும்பவும் கழற்றினார்.

"அந்தத் தையல்காரன் முட்டாள்டா" என்றார்.

சட்டைப் பையில் கையை விட்டு, சாக்பீஸ் பொடி ஒட்டியிருந்த மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சின்ன வயதில் என்னிடமிருந்து அவர் பறித்த கோலிக்குண்டுகள் எத்தனை! அவர் கையிலிருந்து நான் ஒன்று வாங்கியது அன்றுதான். பிறகு, பாதி வகுப்பில், மணி அடிப்பதற்கு முன்னால், அவர் பள்ளியை விட்டு வெளியே நடந்தார். பள்ளி வரலாற்றில் அது நடந்ததில்லை.

நான் கடைக்குத் திரும்பியபோது அந்த அம்மா கல்லாவில் இல்லை. எதிர்ச்சாரியில் இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். வாத்தியார் அந்த அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஏதோ பேசிக்கொண்டே போனார். ரெண்டு வார்த்தைக்கு மேலேயே இருக்கும். கம்பெனிக்காரர்கள் கடற்கரையில் எடுத்த படம் அதற்கு உறை போடக் காணாது.

பிறகு இருவருமாக இதய டாக்டரைப் பார்த்து, என்ன செய்யலாம், என்ன கூடாது என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டுக்கொண்டார்கள். ஒரு நாள் கடைக்குச் சேர்ந்தே வந்தார்கள்.

"உங்க நண்பர் எப்படி இருக்கார் சார்?"

"நல்லா இருக்கான்."

"பக்கத்து வீட்டம்மாவும் நல்லா இருக்காங்க" என்றார் வீட்டம்மா, தலையைத் தாழ்த்திக்கொண்டு.

பி.டி. சார்தான் பாவம். அடுத்த வாரம் பத்தாம் வகுப்பு மைதானத்திலிருந்து திரும்ப அழைக்கப்பட்டுவிட்டது. 'நண்பர் ஒருவர் இருக்கிறார் எனக் கொண்டோம், அது தவறு, ஆகவே அதன்மேல் எழுந்த ஒப்பந்தமும் செல்லாது' என்று வாத்தியார் நிரூபித்துவிட்டார். ஆனாலும் பி.டி. சார் முன்னைப்போல முகம் தொங்கிப் போகவில்லை. சென்ற வாரம் அவர் என் கடையை இரண்டு முறை கடந்து போவதைப் பார்த்தேன். சைக்கிளுக்கு விலை கேட்டார். வாசலில் குனிந்தார். சீப்பு வாங்கினார். அப்புறம் நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"தம்பி, என் நண்பர் ஒருத்தர் இந்த வயசுல கல்யாணம் பண்ணிக்கலாமான்னு யோசிக்கிறார். நரைக்கு நல்ல சாயம் எது?"

நான் நாடி பார்க்கவில்லை. நல்லதாகவே எடுத்துக் கொடுத்தேன்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். சந்தோஷம். ஆனால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என்று நான் எழுதிய இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டாம் முறை படித்தீர்களே, அது எதற்கு? பக்கத்தில் யாரோ வரும் சத்தம் கேட்டதும் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினீர்களே, அது எதற்கு? தெரியும், தெரியும். உங்களுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் குதிரை. உங்களுக்கு ஒரு நண்பர் இருக்கிறார்.

அவரிடம் சொல்லுங்கள். என் கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் இருக்காது. இருமல் மிட்டாய் வாங்க வேண்டியதில்லை. மாடியில் டாக்டரும் இருப்பார். வரும்போது யாரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். சொந்த நெஞ்சை மட்டும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.